நாற்காலி அடுக்கவா நான் போனேன்?

கேள்வி: வயது 61. ஒரு பெரிய கிடங்கில் 34 ஆண்டுகள் சரக்கு இருப்புக் கணக்குப் பார்த்தேன். ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகிறது. காலையில் எதற்காக எழுந்திருக்கிறோம் என்றே தெரியவில்லை. மனைவி இன்னும் வேலைக்குப் போகிறார். அவர் சொல்லித்தான் முதியோருக்கான ஒரு சமூக அமைப்பில் தன்னார்வலராகச் சேர்ந்தேன். மொழி, மதம், உடல்நிலை, யாரோடு வாழ்கிறார்கள் என்று எதையும் பார்க்காமல் எல்லாரையும் சேர்த்துக்கொள்ளும் இடம். நான்கு வாரம் போனேன். நாற்காலி அடுக்கினேன், வருகைப் பதிவேடு எழுதினேன். எழுந்திருக்கச் சிரமப்பட்ட ஒரு பெரியவரைக் கைபிடித்துத் தூக்கப் போனேன். “விடுப்பா” என்று உதறிவிட்டார். மறதிநோய் உள்ள ஒரு அம்மா, கணவர் எப்போது வருவார் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் இறந்துவிட்டதை நினைவுபடுத்தினேன், அழ ஆரம்பித்துவிட்டார். எப்போதும் சேர்ந்தே வரும் வயதான இரு பெண்களிடம் “அக்கா தங்கையா?” என்று கேட்டேன், அன்றிலிருந்து என்னிடம் பேசுவதில்லை. இன்னொருவர் கடன் கேட்கிறார். வாழ்க்கைக்கு ஒரு பிடிப்பு கிடைக்கும் என்று போனேன், இருந்த தெம்பும் போய்விட்டது. விட்டுவிடலாமா? அல்லது தனியாக வாழும் முதியவர்களின் வீடுகளுக்கு நானே நேரில் போய் உதவலாமா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

விட வேண்டாம். வீடுகளுக்குத் தனியாகப் போவதும் இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் சங்கடங்கள் நான்கும் முதல் மாதத்தில் ஏறக்குறைய எல்லாருக்கும் நேர்பவை. ஒவ்வொன்றுக்கும் கைவசம் வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன். அதற்கு முன் அந்தப் ‘பிடிப்பு’ விஷயத்தைப் பேசிவிடலாம், உங்கள் கடிதத்தில் கனமானது அதுதான்.

தன்னார்வப் பணி மனதுக்கு நல்லது என்று எல்லாரும் சொல்கிறார்கள். அதற்கு ஆதாரமும் இருக்கிறது. அமெரிக்காவில் 50 வயதைத் தாண்டிய ஏறக்குறைய 13,000 பேரை நான்கு ஆண்டு இடைவெளியில் ஒப்பிட்டுப் பார்த்த ஒரு ஆய்வு 2020இல் வெளியானது. ஆண்டுக்கு 100 மணி நேரமாவது, அதாவது வாரத்துக்கு இரண்டு மணி நேரம், தன்னார்வப் பணி செய்தவர்களிடம் தனிமை உணர்வு குறைந்திருந்தது; வாழ்க்கையில் நோக்கம் இருக்கிறது என்ற எண்ணம் கூடியிருந்தது; இறப்பு அபாயமும் குறைவாக இருந்தது. சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற நாள்பட்ட நோய்களில் மட்டும் அப்படிப்பட்ட வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. பிற்பாடு சிலர் மிகைப்படுத்திச் சொல்வார்கள் என்பதால் இதையும் சேர்த்தே சொல்கிறேன்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்திலிருந்து 2012இல் வெளியான ஆய்வு ஒன்று உங்களுக்கு இன்னும் நெருக்கமானது. அது, தன்னார்வலர்கள் என்ன காரணத்துக்காக வந்தார்கள் என்று கேட்டது. பிறருக்காக வந்தோம் என்றவர்கள் நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு உயிரோடு இருந்த விகிதம் அதிகம். எனக்கு நன்றாக இருக்கும், என் மனச்சுமை குறையும் என்பதையே முதன்மைக் காரணமாகச் சொன்னவர்களின் விகிதம், தன்னார்வப் பணியே செய்யாதவர்களுடையதைப் போலத்தான் இருந்தது.

உங்களைக் குறை சொல்ல இதைக் கூறவில்லை. வெறுமையைப் போக்கிக்கொள்ளப் போவதில் தவறு ஒன்றுமில்லை. முதல் நாள் உங்களைக் கதவுவரை கொண்டு வந்து சேர்ப்பது அதுவாகவே இருக்கட்டும். ஆனால் ஒவ்வொரு வாரமும் வீடு திரும்பும்போது “இன்றைக்கு எனக்குப் பிடிப்பு வந்ததா?” என்று நாடி பிடித்துப் பார்த்தால், பெரும்பாலான வாரங்களில் பதில் ‘இல்லை’ என்றுதான் வரும். அந்தக் கேள்வியை மூன்று மாதத்துக்கு ஒத்திப்போடுங்கள். அதுவரை வேறொன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: நான் வராமல் போனால் அதைக் கவனிக்க அங்கே யாராவது இருக்கிறார்களா? நான்கு வாரத்தில் அப்படி ஒருவர் உருவாகிவிட மாட்டார். இடைவிடாமல் போனால் பத்துப் பன்னிரண்டு வாரத்தில் உருவாவார். 34 ஆண்டுகள் நீங்கள் கிடங்குக்குப் போகாத நாளில் யாரோ “இன்றைக்கு அவர் வரலையா?” என்று கேட்டிருப்பார்கள். உங்களிடமிருந்து எட்டு மாதத்துக்கு முன் போனது அந்தக் கேள்விதான் என்று நினைக்கிறேன்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ரிச்சர்ட் ஷுல்ஸ் என்ற உளவியலாளர் ஒரு முதியோர் இல்லத்தில் செய்து 1976இல் வெளியிட்ட சோதனையை இந்தப் பணியில் இறங்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கிருந்த 40 பேரை நான்கு குழுவாகப் பிரித்தார்கள். கல்லூரி மாணவர்கள் வந்து பேசிவிட்டுப் போவார்கள். முதல் குழுவினர், மாணவர் எப்போது வர வேண்டும், எவ்வளவு நேரம் இருக்க வேண்டும் என்பதைத் தாங்களே முடிவு செய்தார்கள். இரண்டாம் குழுவுக்கு வருகை நேரம் முன்கூட்டியே சொல்லப்பட்டது. மூன்றாம் குழுவிடம் சொல்லாமல் கொள்ளாமல் போனார்கள். நான்காம் குழுவுக்கு யாரும் வரவில்லை. இரண்டு மாத முடிவில் முதல் இரு குழுவினரும் உற்சாகமாக, தெம்பாக இருந்தார்கள். சொல்லாமல் போன குழுவுக்கோ, யாரும் வராத குழுவைவிடக் கூடுதலாக எந்த நன்மையும் இல்லை. பேசிய நேரம் என்னவோ சமம்தான். எப்போது வருவார் என்று தெரிந்திருந்தது, அதற்காகக் காத்திருக்க முடிந்தது: நல்லது செய்தது அதுதான்.

ஆய்வு முடிந்தது, மாணவர்கள் வருவதை நிறுத்தினார்கள். அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் அதே முதியவர்களைத் திரும்பப் பார்த்து 1978இல் எழுதினார்கள். வருகையால் நன்மை பெற்ற அந்த இரண்டு குழுவினர்தான் இப்போது சரிந்திருந்தார்கள். சின்ன ஆய்வு, நாற்பதே பேர். ஆனாலும் ‘நாலு நாள் போய்ப் பார்ப்போம்’ என்று கிளம்பும் தன்னார்வலரால் என்ன நடக்கும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் சான்றை நான் அறியேன்.

ஆகவே குறைவாக ஒப்புக்கொள்ளுங்கள், ஒப்புக்கொண்டதை உடைக்காதீர்கள். வாரம் ஒரு நாள், இரண்டு மணி நேரம், அதே கிழமை, அதே நேரம், மூன்று மாதம். ஆர்வக் கோளாறில் வாரம் நான்கு நாள் என்று எழுதிக் கொடுத்துவிட்டு இரண்டாவது மாதமே காணாமல் போகிறவர்கள் ஏராளம். உங்களுக்கு நேரம் நிறைய இருப்பதால் அந்த ஆபத்து அதிகம். வர முடியாத வாரத்தை முந்தின வாரமே நேரில் சொல்லிவிடுங்கள். எதிர்பாராமல் தடைபட்டால் அமைப்புக்குத் தொலைபேசியில் சொல்லி, உங்களை எதிர்பார்த்திருப்பவரிடம் செய்தி போய்ச் சேர்ந்ததா என்று ஒரு முறை விசாரியுங்கள். சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு இருந்தால் போகவே கூடாது. உங்களுக்கு மூன்று நாளில் சரியாகும் காய்ச்சல் 85 வயதுக்காரரை மருத்துவமனையில் படுக்க வைத்துவிடும்.

இனி நாற்காலி.

அடுக்கிவைக்கும் வேலை கௌரவக் குறைவாகப் பட்டிருக்கிறது. அந்தக் கூடத்தில் யார் பேச முடியும், யார் வாய் திறக்காமல் வீட்டுக்குப் போவார் என்பதை முடிவு செய்பவரே நாற்காலி போடுகிறவர்தான். வரிசையாகப் போட்டால் எல்லாரும் முன்னிருப்பவரின் பின்மண்டையைத்தான் பார்ப்பார்கள். காது மந்தமானவர்கள் உதட்டசைவைப் பார்த்துப் பாதியைப் புரிந்துகொள்கிறவர்கள். அவர்களுக்கு அன்றைய நிகழ்ச்சி அத்தோடு முடிந்தது. அரைவட்டமாகப் போடுங்கள். பேசுகிறவருக்குப் பின்னால் ஜன்னல் வரக் கூடாது, வெளிச்சம் அவர் முகத்தில் விழ வேண்டும். சத்தம் போடும் மின்விசிறி, ஓடிக்கொண்டிருக்கும் தொலைக்காட்சி இரண்டையும் நிறுத்துங்கள். கைப்பிடி உள்ள, தரையிலிருந்து 45 முதல் 50 சென்டிமீட்டர் உயரமுள்ள நாற்காலிகளைக் கதவுக்கு அருகே போடுங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் சோபாவில் புதைந்தால் எழுந்திருப்பது பெரும்பாடு. நடைவழி 90 சென்டிமீட்டராவது இருக்கட்டும். சக்கர நாற்காலி முழுதாகத் திரும்ப ஒன்றரை மீட்டர் வட்டம் வேண்டும். சக்கர நாற்காலிக்கான இடத்தை ஓரத்தில் ஒதுக்காமல் அரைவட்டத்தின் நடுவிலேயே ஒரு நாற்காலியை எடுத்துவிட்டு உண்டாக்குங்கள். வாசலில் 15 சென்டிமீட்டர் படி இருந்தால் அதற்கான சாய்தளம் 1.8 மீட்டர் நீளம் வேண்டும். ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பது கணக்கு. பலகையைச் செங்குத்தாகச் சாய்த்து வைத்துவிட்டு ‘சாய்தளம் இருக்கிறது’ என்று சொல்லும் இடங்கள்தான் அதிகம்.

பாருங்கள், இது உங்கள் தொழில்தான். கிடங்கில் எது எங்கே இருக்க வேண்டும் என்று பார்த்தவர் நீங்கள். ஒருங்கிணைப்பாளரிடம் போய் “கூடத்தின் அமைப்பையும் உபகரணங்களையும் என் பொறுப்பில் விடுங்கள்” என்று கேளுங்கள். பெரும்பாலான அமைப்புகளில் இதற்கென்று ஆளே கிடையாது. ஒரு நோட்டுப் போட்டு மாதம் ஒரு முறை சரிபாருங்கள்.

கைத்தடி: வழக்கமாகப் போடும் செருப்போ ஷூவோ போட்டு, கைகளைத் தொங்கவிட்டு நிற்கச் சொல்லுங்கள். தடியின் மேற்பகுதி மணிக்கட்டின் மடிப்புக் கோட்டுக்கு நேராக வர வேண்டும். அதைப் பிடித்து நிற்கும்போது முழங்கை இலேசாக மடங்கியிருக்கும். தடியை வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும்; பலர் வலிக்கும் பக்கமே பிடிக்கிறார்கள், அதனால் சுமை குறைவதில்லை. அடி ரப்பரில் வரிகள் தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டால் மாற்றிவிட வேண்டும். ஈரத் தரையில் அது வழுக்கும். 65 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் ஆண்டுக்கு ஒரு முறையாவது கீழே விழுகிறார் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அந்தச் சின்ன ரப்பர் துண்டை நீங்கள் பார்த்து மாற்றினால் ஒரு இடுப்பெலும்பு முறிவு தப்பலாம்.

காது கேட்கும் கருவி: பழைய வகைகளில் பொத்தான் பேட்டரிகள் இருக்கும். அதன் ஒட்டுத்தாளின் நிறம் அளவைச் சொல்லும்: மஞ்சள் 10, பழுப்பு 312, ஆரஞ்சு 13, நீலம் 675. ஒட்டுத்தாளை உரித்ததும் காற்றுப் பட்டு வேலை செய்யத் தொடங்கிவிடும். திரும்ப ஒட்டினாலும் நிற்காது. உரித்தபின் ஓரிரு நிமிடம் காற்றாட விட்டுப் பிறகு போடுங்கள். ‘கருவி கெட்டுப்போச்சு’ என்று பெட்டியில் போட்டுவைத்திருப்பவர்களில் கணிசமானவர்களுக்கு பேட்டரி தீர்ந்திருக்கும், அல்லது காதழுக்கு அடைத்திருக்கும். யார் யாருக்கு எந்த அளவு என்று எழுதி, ஒவ்வொரு அளவிலும் ஒரு அட்டை இருப்பு வையுங்கள். தீர்ந்த பேட்டரிகளை உடனே தனி டப்பாவில் போட்டு மூடுங்கள், மாத்திரை என்று நினைத்து விழுங்கிவிடும் ஆபத்து உண்டு.

சக்கர நாற்காலி: இரண்டு பிரேக்கும் பிடிக்கிறதா, டயரில் காற்று இருக்கிறதா, கால் பலகை மடங்குகிறதா. டயரில் காற்றில்லாவிட்டால் பிரேக் நன்றாக இருந்தாலும் பிடிக்காது. யாரும் எழுந்திருக்கும் முன் பிரேக் போட்டு, கால் பலகையை மடக்க வேண்டும். பலகைமேல் ஏறி நின்றால் நாற்காலி முன்பக்கம் கவிழும். சரிவில் இறக்கும்போது நீங்கள் பின்னோக்கி நடந்து, நாற்காலியையும் பின்பக்கமாக இறக்குங்கள். உட்கார்ந்திருப்பவரிடம் சொல்லாமல் தள்ள ஆரம்பிக்காதீர்கள்.

அடுத்தது, கையை உதறிய பெரியவர். தன்மானம் ஒரு காரணம், சரி. ஆனால் அவர் உடலுக்கும் ஒரு காரணம் இருந்திருக்கும். கையைப் பிடித்து இழுத்தால் எடை பின்னுக்குப் போய் நிலை தடுமாறும். அக்குளில் கைகொடுத்துத் தூக்கினால் தோள்மூட்டு பிசகலாம், உங்கள் இடுப்பும் போகும். முதலில் கேளுங்கள்: “நான் ஏதாவது செய்யணுமா ஐயா?” வேண்டாம் என்றால் அருகில் நில்லுங்கள், போதும். வேண்டும் என்றால், இருக்கையின் நுனிக்கு நகரச் சொல்லுங்கள். பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னே இழுத்துக்கொள்ளட்டும். மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை முன்னே சாய்ந்து, கைப்பிடியை அழுத்தி எழட்டும். உங்கள் முன்னங்கையை நீட்டுங்கள், பிடிப்பது அவராக இருக்கட்டும். எழுந்ததும் நடக்க விடாதீர்கள். வயதானவர்களுக்குத் திடீரென நிற்கும்போது ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும், ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது இன்னும் அதிகம். பத்து எண்ணிவிட்டு நடக்கச் சொல்லுங்கள். பார்வையற்றவருக்கும் இதே முறைதான்: உங்கள் முழங்கையை அவர் பிடித்துக்கொள்வார், நீங்கள் அரை அடி முன்னே நடப்பீர்கள். அவரைப் பின்னாலிருந்து தள்ளக் கூடாது.

விழுந்துவிட்டவரை அவசரப்பட்டுத் தூக்காதீர்கள். எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள். இடுப்பு வலித்தால், கால் குட்டையாகவோ வெளிப்பக்கம் திரும்பியோ தெரிந்தால், தலையில் அடி பட்டிருந்தால், அசைக்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர் தலையில் அடிபட்டுக்கொண்டால், பார்க்க நன்றாக இருந்தாலும் அன்றே மருத்துவரிடம் போயாக வேண்டும்.

காது மந்தமானவரிடம் பேசுவதற்கும் இரண்டு வரி. சத்தம் போடுவதால் பயனில்லை. முதுமையில் முதலில் தேய்வது மேல் சுருதி ஒலிகள். ச, ஸ, ஷ போன்ற ஓசைகள் போய்விடும். கத்தினால் உங்கள் குரல் இன்னும் மேல் சுருதிக்குப் போகும், முகமும் கோபமாகத் தெரியும். ஒரு மீட்டர் தள்ளி எதிரே நின்று, பெயர் சொல்லி அழைத்து, தாழ்ந்த குரலில் நிதானமாகப் பேசுங்கள். புரியாவிட்டால் அதே வாக்கியத்தைத் திரும்பச் சொல்லாமல் வேறு சொற்களில் சொல்லுங்கள்.

கணவரைத் தேடும் அம்மாவிடம் நீங்கள் உண்மையைத்தான் சொன்னீர்கள். ஆனால் மறதிநோயில் புதிய செய்தி மனதில் தங்காது; துக்கம் மட்டும் தங்கும். நீங்கள் சொல்லும் ஒவ்வொரு முறையும் அவருக்கு அது முதல்முறை கேள்விப்படும் மரணம். சிறிது நேரத்தில் காரணம் மறந்துவிடும், அழுகையின் பாரம் மாலைவரை நிற்கும். அதற்காக “இதோ வந்துவிடுவார்” என்று பொய் சொல்லவும் வேண்டாம். அரை மணிக்கு ஒரு தரம் வாசலுக்குப் போய் நிற்பார். கேள்விக்கு அடியில் இருப்பதற்குப் பதில் சொல்லுங்கள். “அவரைத் தேடுதா அம்மா? அவர் எப்படிப்பட்டவர், சொல்லுங்களேன்.” பத்து முதல் முப்பது வயது வரையிலான நினைவுகள் பலருக்கு மற்றவற்றைவிட அழுத்தமாகப் பதிந்திருக்கும், கல்யாணம் அந்தக் காலத்தில் நடந்திருந்தால் நிறையப் பேசுவார். “என்னை ஞாபகம் இருக்கா?” என்று ஒருபோதும் கேட்காதீர்கள், அது பரீட்சை. ஒவ்வொரு வாரமும் உங்கள் பெயரை நீங்களே சொல்லுங்கள். ஒரு நேரத்தில் ஒரு கேள்வி, பதிலுக்குப் பத்து விநாடியாவது காத்திருங்கள். ‘எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போகணும்’ என்பதுபோல் திரும்பத் திரும்பக் கேட்டால், பெரிய எழுத்தில் ஒரு அட்டையில் எழுதி அவர் கையில் கொடுத்துவிடலாம்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். நேற்றுவரை தெளிவாக இருந்தவர் இன்று திடீரென்று குழம்பினால், மயக்கமாக இருந்தால், அது மறதிநோய் முற்றியதாக இருக்க வாய்ப்பில்லை. சிறுநீர்த் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, புதிய மருந்து என்று ஏதோ ஒன்று இருக்கும். அன்றே குடும்பத்தாருக்கும் மருத்துவருக்கும் தெரிய வேண்டும். பேச்சு குழறினாலோ, முகம் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ பக்கவாதமாக இருக்கலாம். ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

இனி, அந்த இரு பெண்கள். அவர்கள் தோழிகளாக இருக்கலாம், நாத்தனார்களாக இருக்கலாம், வாழ்க்கைத் துணைகளாகவும் இருக்கலாம். எதுவென்று கண்டுபிடிப்பது உங்கள் வேலை இல்லை. ஒருபால் ஈர்ப்பை உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தது 1990இல். இன்று எண்பதைத் தாண்டியவர்கள் தங்கள் இளமை முழுவதையும், சட்டமோ மருத்துவமோ தங்களைக் குற்றவாளி, நோயாளி என்று சொன்ன காலத்தில் கழித்தவர்கள். ‘அக்கா தங்கை’ என்று சொல்லிக்கொண்டால்தான் வீடு வாடகைக்குக் கிடைக்கும் என்று வாழ்ந்தவர்களிடம் அந்தக் கேள்வி வேறு மாதிரித்தான் போய்ச் சேரும். இப்படிப்பட்ட முதியவர்களுக்கென்றே நியூயார்க்கில் 1978இல் ‘சேஜ்’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். காரணம் எளிது: பலருக்குப் பிள்ளைகள் இல்லை, பிறந்த வீட்டோடு தொடர்பு அறுந்திருக்கும், முதுமையில் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் போகும்.

அவர்களிடம் நீண்ட மன்னிப்பு வேண்டாம், அது அவர்களையே விளக்கம் சொல்ல வைக்கும். “அன்றைக்குத் தேவையில்லாததைக் கேட்டுவிட்டேன், மன்னிச்சுக்கோங்க” என்று ஒரு வரி சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். அடுத்த வாரம் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்தில் நாற்காலி போட்டுவையுங்கள். பதிவேடு உங்கள் கையில்தானே இருக்கிறது? அதில் ‘கணவர்/மனைவி பெயர்’ என்ற கட்டம் இருந்தால், அதை ‘அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும்?’ என்று மாற்றச் சொல்லுங்கள். ‘எப்படிக் கூப்பிட்டால் பிடிக்கும்?’ என்று இன்னொரு கட்டம் சேருங்கள். தாத்தா என்றால் சிலருக்கு இனிக்கும், சிலருக்குக் கசக்கும். பால் மாறி வாழும் ஒருவருக்குப் பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயர் காயமாக இருக்கும். இந்த இரண்டு கட்டங்களும் எல்லாருக்கும் பொது என்பதால் யாரும் தனித்துத் தெரிய மாட்டார்கள். எழுத்து 16 புள்ளி அளவுக்குக் குறையாமல் அச்சிடுங்கள். யாராவது தங்களைப் பற்றி உங்களிடம் சொன்னால், அது அந்த நாற்காலியோடு நிற்கட்டும், வீட்டில் மனைவியிடம்கூடப் பெயரோடு சொல்லாதீர்கள்.

கடன் விஷயத்தில் இரக்கம் காட்ட இடமே இல்லை. கொடுக்கவும் கூடாது, வாங்கவும் கூடாது; ஏடிஎம் ரகசிய எண், கையெழுத்து, உயில், நகை எதையும் தொடக் கூடாது. “அமைப்பின் விதிப்படி என்னால் முடியாது. ஆனால் ஒருங்கிணைப்பாளரிடம் இப்போதே சேர்ந்து போய்ப் பேசலாம்” என்று சொல்லுங்கள். ஏன் ‘சேர்ந்து’ என்றால், கடன் கேட்பதற்குப் பின்னால் மருந்து வாங்கப் பணமில்லாமை இருக்கலாம், ஓய்வூதியத்தை உறவினர் யாராவது பிடுங்கிக்கொள்வதும் இருக்கலாம். 60 வயதைத் தாண்டியவர்களில் ஆறில் ஒருவர் ஏதோ ஒரு வகைத் துன்புறுத்தலுக்கு ஆளாகிறார் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பணத்தைச் சுரண்டுவதும் அதில் ஒரு வகை. விளக்கம் பொருந்தாத காயம், ஒரு குறிப்பிட்ட ஆள் வந்ததும் வாயடைத்துப்போவது, திடீரென மெலிவது, ‘நான் இருந்து என்ன பயன்’ என்ற பேச்சு: எதைக் கண்டாலும் அன்றே ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லுங்கள். நீங்களே விசாரணை நடத்தாதீர்கள், ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள்.

வீடுகளுக்குத் தனியாகப் போக வேண்டாம் என்றதும் இதனால்தான். மூடிய கதவுக்குள் ஒரு பொருள் காணாமல் போனால், ஒருவர் விழுந்தால், உங்களுக்கும் அவருக்கும் சாட்சி கிடையாது. நீங்கள் நோயில் படுத்தால் அவரைப் போய்ப் பார்க்கவும் ஆள் கிடையாது. அமைப்பின் மூலம் போங்கள்: முதல் இரண்டு மூன்று முறை இன்னொருவரோடு, போகும் நேரமும் திரும்பும் நேரமும் ஒருவரிடம் பதிவாகட்டும், திரும்பியதும் நான்கு வரி குறிப்பு.

நீங்கள் இருக்கும் அமைப்பே நல்லதுதானா என்று பார்க்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. சேரும்போது உங்களைப் பற்றி விசாரித்தார்களா? எந்த விசாரணையும் இல்லாமல் முதியவர்களோடு பழக விடும் இடம், அடுத்து வருகிறவரையும் அப்படித்தான் விடும். பயிற்சி உண்டா? உங்கள் சந்தேகத்தைக் கேட்க ஒரு குறிப்பிட்ட ஆள் இருக்கிறாரா? இவற்றைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, முடிவெடுக்கும் குழுவில் முதியவர்கள் எத்தனை பேர் என்பது. ஒருவரும் இல்லை என்றால், வாசலில் எவ்வளவு பெரிய எழுத்தில் ‘அனைவருக்கும்’ என்று எழுதியிருந்தாலும் அது உபகாரம் செய்கிறவர்களின் மன்றம்தான்.

இதற்கும் ஒரு பழைய சோதனை உண்டு. எலன் லாங்கர், ஜூடித் ராடின் என்ற உளவியலாளர்கள் இருவரும் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் நடத்தி 1976இல் வெளியிட்டது. ஒரு தளத்தினரிடம் ஆளுக்கு ஒரு செடியைக் கொடுத்து, ‘இதை நீங்கள்தான் வளர்க்க வேண்டும்’ என்றார்கள். எந்த நாளில் படம் பார்ப்பது என்பதையும் அவர்களே முடிவு செய்தார்கள். இன்னொரு தளத்தில் அதே செடி, ‘தண்ணீர் ஊற்றத் தாதிகள் இருக்கிறார்கள்’ என்றார்கள். மூன்று வாரத்தில் முதல் தளத்தினர் கூடுதல் சுறுசுறுப்போடும் மகிழ்ச்சியோடும் இருந்தார்கள்.

எனவே உபகரண நோட்டை நீங்கள் ஒருவரே வைத்துக்கொள்ளாதீர்கள். உங்களை உதறிய அந்தப் பெரியவரிடம் போங்கள். “கைத்தடி ரப்பரெல்லாம் சரிபார்க்கணும், உட்கார்ந்தபடியே நீங்க பார்த்துச் சொன்னா நான் எழுதிக்கிறேன்” என்று கேளுங்கள். சும்மா ஒப்புக்கு ஒரு வேலை கொடுத்தால் கண்டுபிடித்துவிடுவார். உண்மையிலேயே தேவைப்படுகிற வேலையாக இருக்க வேண்டும். மறுத்தால் மறுக்கட்டும், இரண்டு வாரம் கழித்து வேறொன்றைக் கேட்டுப் பாருங்கள்.

இன்னும் ஒன்று. போகப் போக ஒரு நாற்காலி காலியாகும். முதியோர் பணியில் அது நடக்காமல் இருக்காது. செய்தியை உங்களுக்கு யார் சொல்வார்கள், இறுதி மரியாதைக்குப் போகலாமா என்பதை இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், பல அமைப்புகள் தன்னார்வலருக்குத் தகவல் சொல்லவே மறந்துவிடும், அடுத்த வாரம் போய் “அவர் எங்கே?” என்று கேட்டுத் தெரிந்துகொள்வது கொடுமை. அடுத்த வாரமே அந்த இடத்துக்கு வேறொருவரை உங்களுக்கு ஒதுக்கினால், இரண்டு வாரம் நாற்காலி வேலை மட்டும் பார்க்கிறேன் என்று சொல்லலாம்.

மூன்று மாதம் கழித்தும் ஒட்டவில்லை என்றால் விலகுவதில் தவறில்லை. ஷுல்ஸின் மாணவர்களைப் போல் நின்றுவிடாமல் இருந்தால் சரி. கடைசி நாள் எது என்று நான்கு வாரத்துக்கு முன்பே சொல்லுங்கள். உங்களுக்குப் பின் வருகிறவரை இரண்டு வாரமாவது கூட அழைத்துப் போய்ப் பழக்குங்கள். நோட்டை அவரிடம் ஒப்படையுங்கள். ‘அடிக்கடி வந்து பார்க்கிறேன்’ என்று, வர முடியாது என்று தெரிந்துகொண்டே சொல்லாதீர்கள்.

இந்த வாரம் போகும்போது ஒரு அளவு நாடாவும் நோட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் நடைவழியை அளந்துவிடுங்கள்.